ரூபாவின் வலது கை

ரூபா மறுபடியும் இடுப்பில் கை வைத்துவிட்டாள். நடுவர் மஞ்சள் துணியை எடுத்துத் தரையில் வீசினார். அத்தனை பேரையும் தாண்டி அவள் கோட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த பந்து செல்லாமல் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளுக்கு அங்கேயே நாலு அறை வைத்திருப்பேன்.

எங்கள் கல்லூரிப் பெண்கள் அணி ஆடுவது அமெரிக்க ஃபுட்பால். ஹெல்மெட், ஆளை மோதிச் சாய்ப்பது எல்லாம் கிடையாது. ஒவ்வொருத்தி இடுப்பு பெல்ட்டிலும் பக்கத்துக்கு ஒன்றாக ரிப்பன் தொங்கும். பந்தோடு ஓடுகிறவளின் ரிப்பனை உருவிவிட்டால் ஓட்டம் அத்தோடு சரி. ரிப்பனைக் கையால் மறைத்தால் குற்றம். இவ்வளவுதான் விளையாட்டு. நான் ஸமீரா, கேப்டன். பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிப்பவள் நான்தான். அடக்கமாகப் பேச எனக்கு வராது. இந்த யாங்கோனில் என்னைவிட நேராகப் பந்தை எறியும் பெண் இருந்தால் கூட்டி வாருங்கள், பார்ப்போம்.

ரூபா ஆற்றோரத்து க்யிம்யிண்டைங் பேட்டைக்காரி. அவள் அம்மா ராமாயிக்கு அங்கே படகுத்துறைப் பக்கம் பூக்கடை. தலையில் கூடை, இடுப்பில் வெறுமனே செருகிக் கட்டிய தமெய்ன் லுங்கி, காலுக்கடியில் ஆடுகிற பலகை என்று ஏறி இறங்கியே வளர்ந்தவள் ரூபா. ஒரு கை எப்போதும் தமெய்ன் செருகிய இடத்தில்தான் இருக்கும். அவளை மட்டும் சொல்வானேன்? எங்கள் ஊரில் ஆணோ பெண்ணோ, இடுப்புப் பக்கம் யாராவது உரசினால் கை தானாக அங்கே போய்விடும். மற்றவர்களுக்கு ஒரு மாதப் பயிற்சியில் அது விட்டுப்போனது. இவளுக்கு மட்டும் விடவில்லை. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், என் ஸ்கார்ஃபால் மணிக்கட்டைத் தோளோடு கட்டியும் ஓடவிட்டேன். "நானா வெக்கிறேன்? அதுவா போவுதுக்கா" என்று அழுதாள். இந்த சீசனில் நாங்கள் தோற்ற இரண்டு ஆட்டமும் அந்தக் கையால் தோற்றவை. வேகத்திலோ அவளை அடிக்க ஆளே இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இன்றைக்கு ஜெயித்தால் ஃபைனல். தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இடைவேளையில் எங்கள் கோச் வாஜித் சயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இங்கே வாத்தியார்களெல்லாம் சயாதான். "ரூபா வெளிய உக்காரட்டும். நான் போன வாரமே சொல்லிட்டேன்."

"அவ ஆடட்டும் சயா."

"தோத்தா?"

"தோத்தா கேப்டன் பட்டையக் கழட்டிக் குடுத்துர்றேன். நீங்க கேக்கவே வேணாம்."

அவர் என்னை முறைத்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை. "ஒரே ஒரு தடவ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையை அடைத்துவிட்டு முதல்முறையாக ஆட்டம் பார்க்க வந்திருந்த ராமாயி அக்கா வேலியோரம் நின்று என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, பொம்பளப் புள்ள இடுப்புல கை வெக்காம வேற எங்க வெப்பா? இது ஒரு தப்புன்னு துணிய வீசுறாரே அந்த மனுசன்!"

ரூபா புல்லைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளாகவே கேட்டாள்.

"அக்கா, பஸ் கெளம்பிருச்சுன்னா நீ எப்படி ஓடுவ?"

"கையத் தூக்கிக் கத்திக்கிட்டு ஓடுவேன். வேற எப்படி?"

"அப்ப தமெய்ன்?"

"அத யாரு பாத்தா? பஸ் போயிருமேடி!"

"ம்" என்றாள். மறுபடியும் புல்லைப் பிய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆட்டம் முடியும் கட்டம். நாங்கள் நாலு புள்ளி பின்னால். கோட்டைத் தொட்டால் ஆறு. ரூபாவின் பக்கம் கை நீட்டியபோது எங்கள் பெண்களே என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பந்தை அவள் வயிற்றில் வைத்து அழுத்தினேன். அவள் இடது கையில் இடுக்கிக்கொண்டு பறந்தாள். ஒருத்தி விழுந்தாள், இன்னொருத்தி பின்தங்கினாள். கடைசியாக எதிரணிப் பச்சைச் சட்டைக்காரி ஒருத்தி பக்கவாட்டில் பாய்ந்து அவள் இடுப்பை நோக்கிக் கை வீசினாள்.

ரூபாவின் வலது கை கீழே இறங்கியது. யா அல்லாஹ், போச்சு என்று நினைத்தேன்.

இறங்கிய கை பாதியில் நின்றது. பிறகு விருட்டென்று தலைக்கு மேலே போனது, ஐந்து விரலும் விரிந்து. "இருங்க! இருங்க!" என்று பர்மியில் அவள் கத்தியது என் காது வரைக்கும் வந்தது. பச்சைச் சட்டைக்காரியின் கையில் ஒன்றும் அகப்படவில்லை.

நான் பக்கத்துக் கூட்டத்தைப் பார்த்தேன். எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். எழுந்த வேகத்தில் அவிழ்ந்துவிடாமல் ஒவ்வொருவர் கையும் இடுப்பில் இருந்தது. ராமாயி அக்கா இரண்டு கையாலும் தமெய்னைப் பிடித்துக்கொண்டு குதித்தார். வாஜித் சயா லுங்கி முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தார். குனிந்து பார்த்தால், அரை டிரவுசர் போட்டிருந்த என் கையும் இடுப்பில்தான் இருந்தது. நடுவரின் மஞ்சள் துணி செருகிய இடத்திலேயே கிடந்தது.

அந்த மைதானத்தில் ஒரே ஒரு கைதான் மேலே இருந்தது. கோட்டைத் தாண்டியும் அது இறங்கவில்லை. கையைத் தூக்கியபடியே அவள் மைதான வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.