நாற்பத்திரண்டாம் எண்காரரின் நடை

என் வீட்டுக்காரர் என் பேச்சைக் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. பத்தொன்பது வருடமாகச் சொல்கிறேன்: நடங்கள், இனிப்பைக் குறையுங்கள், நேரத்துக்குப் படுங்கள். சுவரிடம் சொல்லியிருந்தால் சுண்ணாம்பாவது உதிர்ந்திருக்கும். இந்த முறை டாக்டரே கறாராகச் சொல்லிவிட்டார். "மூணு மாசம் டைம். தினமும் நடந்து சுகரைக் குறைச்சுக் காட்டுங்க. இல்லேன்னா ஊசிதான்." ஊசி என்றால் இவருக்குக் கைகால் உதறும். சலூன் வைத்திருக்கிறார், நாள் முழுக்க அடுத்தவர் கழுத்தில் சவரக்கத்தி வைக்கிற மனிதர். தன் தோலில் ஒரு முனை பட்டால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன், வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஃபோனில் செய்தி அனுப்பும் ஓர் ஆப் கம்பெனியில், அந்தச் செய்திகளை எழுதுகிறவள் நான். மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் அது நீங்கள் நடக்கும் அடிகளை எண்ணும். எண்ணுக்குத் தகுந்தபடி நான் எழுதிவைத்ததில் ஒன்று போய்ச் சேரும். சேர்ந்த புதிதில் என் பாணியிலேயே எழுதினேன். "இன்றைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லையா?" எங்கள் மனநல நிபுணர் மேடம் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதைப் படிச்சா யாரும் நடக்க மாட்டாங்கம்மா, ஃபோனைத்தான் மூடி வைப்பாங்க. அவங்க செஞ்ச சின்ன விஷயத்தை யாராவது கவனிக்கணும். கவனிச்சேன்னு வாயால சொல்லணும். அப்பதான் ஆள் மாறுவாங்க."

மேலே இருப்பவர் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்? பல்லைக் கடித்துக்கொண்டு தேன் ஒழுக எழுதினேன். அறுபது பேரை வைத்து மூன்று மாதச் சோதனை ஆரம்பித்தது. முப்பது பேருக்கு வெறும் நினைவூட்டல், முப்பது பேருக்கு என் தேன். யாருடைய பெயரும் எங்களுக்குத் தெரியாது, எண்தான். நச்சரித்து நச்சரித்து வீட்டுக்காரரையும் அதில் சேர்த்தேன். அவர் எந்த எண் என்று எனக்குத் தெரியாது. எழுதுவது நான் என்று அவரிடம் சொல்லவும் கூடாது, சோதனையின் சட்டம் அப்படி. ஆபீஸில் நான் எழுத்துப் பிழை திருத்துவதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரே கூத்து. சாப்பிட உட்கார்ந்ததும் ஃபோனைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பார்.

"இதைக் கேளேன். 'இத்தனை வேலைக்கு நடுவிலும் உங்கள் உடம்புக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அது லேசான காரியம் இல்லை.' என்னமா எழுதியிருக்காங்க பாரு!"

"ம்."

"என்ன ம்? உனக்கு இதோட அருமை தெரியல."

நான் எழுதியதை எனக்கே படித்துக் காட்டி, எனக்கே அருமை தெரியவில்லை என்கிறார். வயிறு எரிந்தது. என் சொந்த வாக்கியத்தின் மேல் எனக்கே பொறாமை என்று வெளியே சொன்னால் ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

இரண்டு மாதம் போனது. ஆபீஸில் புள்ளிவிவரம் பார்க்கிற பெண், கிராஃப் என்றுதான் அவளைக் கூப்பிடுவோம், நாற்காலியோடு உருண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, உங்க தேன் குரூப்தான் முன்னால போகுது! அதுலயும் நாற்பத்திரண்டுன்னு ஒருத்தர். தினம் இருபதாயிரம் அடி! ஞாயித்துக்கிழமைன்னா முப்பதாயிரம்! இப்படியே போனா உங்க செய்தியைத்தான் எல்லாருக்கும் அனுப்பணும்னு மேடம் சொல்றாங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரோ ஒரு மகராசன் என் சொல்லைக் கேட்டு நடையாய் நடக்கிறான்!

"தபால்காரரா இருப்பாரோ?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை எந்தத் தபால்காரர் நடப்பாரு? செவ்வாய்க்கிழமை பார்த்தா வெறும் தொள்ளாயிரம். இன்னொரு வேடிக்கை, இவ்வளவு நடந்தும் ஆள் இருக்கிற இடத்தை விட்டு நகரவே இல்ல. மேப்தான் கோளாறுன்னு நினைக்கிறேன்."

திரையை என் பக்கம் திருப்பினேன். ஞாயிறு உச்சம். செவ்வாய் விடுமுறை. தினமும் மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை சுத்தமாகப் பூஜ்யம். அந்த ஒரு மணி நேரம் சலூன் பெஞ்சில் ஒருவர் மல்லாந்து குறட்டை விடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

சலூனில் ஒரு வாடிக்கையாளர் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பட்டை வீட்டுக்காரரின் வலது மணிக்கட்டில். கத்தரி கச்சுக் கச்சென்று ஓடியது. கண்ணாடி முன்னால், பவுடர் டப்பாவுக்கும் சீப்புகளுக்கும் நடுவில் கிடந்த ஃபோனில், அவர் கை அசைய அசைய எண் ஏறிக்கொண்டே போனது. ஒரு தலைக்கு ஆயிரத்து இருநூறு அடி. கடைசியில் தலையைப் பிடித்துவிட ஆரம்பித்தார் பாருங்கள், எண் ஓட்டப்பந்தயத்தில் இறங்கிவிட்டது. டிங் என்று என் தேன் வந்து விழுந்தது. அவர் அதைப் படித்துப் புன்னகைத்து, சர்க்கரை போட்ட டீயை ஒரு வாய் குடித்தார்.

வாடிக்கையாளர் போகும்வரை எப்படித்தான் வாயை அடக்கிக்கொண்டிருந்தேனோ.

"இதுதான் நீங்க நடக்கிற லட்சணமா?"

அவர் அசரவில்லை. துணியை உதறி மடித்தார்.

"முதல் நாளே தெரியும். பதினஞ்சு பேருக்கு முடி வெட்டினா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஆகுமா? நான் என்ன மடையனா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? இன்னும் ஒரு மாசம்தான் இருக்கு!"

"பாராட்டுதுல்ல." தரையில் கிடந்த முடியைக் கூட்ட ஆரம்பித்தார். "இங்க வர்றவங்க கண்ணாடியைப் பார்த்துட்டு, காதுகிட்ட இன்னும் குறைச்சிருக்கலாம்னு சொல்லிட்டுப் போவாங்க. வீட்டுக்கு வந்தா..." நிறுத்திக்கொண்டார். "அதை எழுதுற பொண்ணு யாருன்னு தெரியல. ஒருநாள் கூட்டிட்டு வா, ஃப்ரீயா முடி வெட்டி விடறேன். அவங்க பேச்சுல மனசு இருக்கு."

"அதை எழுதுறதே நான்தான்."

விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "நீயா? போடி, விளையாடாத."

சட்டத்தை மீறியதற்குக் கிடைத்த பலன் இது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அழுகைதான் வந்தது. பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் இருக்கிற மனிதர், நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்பதை நம்ப முடியாமல் சிரிக்கிறார். அதைவிட அந்த டீ டம்ளரைப் பார்க்கப் பயமாக இருந்தது. என் பாராட்டுதான் அவரை அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

வாசலுக்கு வந்து கிராஃபுக்கு ஃபோன் போட்டேன்.

"நாற்பத்திரண்டைக் கணக்கிலிருந்து எடுத்துடு. அவர் நடக்கல, முடி வெட்டறார்."

"எப்படிக்கா தெரியும்?"

"அவர் என் வீட்டுக்காரர்."

"ஐயோ! அவரை எடுத்துட்டா ரெண்டு குரூப்பும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்கா. உங்க செய்தி..."

"இருக்கட்டும். எடு."

உள்ளே போய்ப் பட்டையைக் கழற்றி என் கைப்பையில் போட்டேன். ஷட்டரை இறக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே இறக்கினார். வெயில் தாழ்ந்திருந்தது. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி நடந்தோம். பத்து நிமிடத்திலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. 'இந்தத் தூரத்துக்கே இப்படியா' என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். தண்ணீர்த் தொட்டி பக்கம் சாலை மேடாகிறது. அங்கே நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்ட, ஒரே மூச்சில் ஏறினார்.

எனக்கு எழுதத்தான் வரும், இவரிடம் சொல்லிப் பழக்கமில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

"மேட்டுல நிக்காம ஏறிட்டீங்க. நான் பார்த்தேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தார். திரை இருட்டாக இருந்தது. ஒரு முறை குலுக்கினார். பிறகு மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தார், வாடிக்கையாளர் தலையைப் பார்ப்பது போல, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

"அப்போ... நிஜமாவே அதெல்லாம் நீதான் எழுதினியா?"

"பின்னே பக்கத்து வீட்டுக்காரியா? நடங்க."