சந்தேகத்துக்கு இடமில்லாத மொழி

என் கணவர் வேலை பார்த்த ரசாயன ஆலையில் ஓர் இன்ஜினீயர் புதிதாக ஒரு மொழியை உண்டாக்கினார். ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். ஆலையில் நடக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் ஒரு சொல் உண்டு என்றார். வாக்கி டாக்கியில் வேறு எதைப் பேசினாலும் அது அரட்டைக் கணக்கு, அதைக் கேட்டு யாரும் எதுவும் செய்யக்கூடாது. 'என்னமோ', 'ஒரு மாதிரி' எல்லாவற்றுக்கும் தடை. உறவு சொல்லிக் கூப்பிடவும் தடை.

என் கணவர் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவுகிறவர். என் தம்பி கட்டுப்பாட்டு அறையில். அவன் சொன்னால்தான் மேலே நிற்பவர்கள் கயிற்றை இழுப்பார்கள்.

வீட்டில் எனக்கு ஒரே சிரிப்பு. சாப்பாடு எப்படி என்று கேட்டால், "உப்பு குறைவு. சூடு சரி. வேறு புகார் இல்லை" என்பார்.

"இந்த மொழியில பொண்டாட்டியைக் கொஞ்ச முடியுமா?"

"அதுக்கு இன்னும் சொல் வரல."

ஒருநாள் தொட்டிக்குள் இறங்கியவர் உயிரோடு வரவில்லை. வாசனையே இல்லாத ஏதோ வாயுவாம்.

விசாரணைக்கு நானும் போனேன். ஒலிப்பதிவைப் போட்டார்கள்.

"மச்சான், என்னமோ சரியில்லடா."

"முறைப்படி சொல்லவும்." இது என் தம்பி.

"கசிவு இல்லை. நாற்றம் இல்லை. வெப்பம் இல்லை." மூன்றும் உண்மை. பிறகு குரல் இழுத்தது. "மச்சான்..."

"முறைப்படி சொல்லவும்."

அதற்குப் பிறகு இரைச்சல்தான்.

இன்ஜினீயர் கல்நெஞ்சக்காரர் இல்லை. முகம் வெளிறிப் போயிருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அவர் என்ன சொல்ல வந்தார்னு தெரிஞ்சா உடனே ஒரு சொல் சேர்த்துடலாம்மா. இனி யாருக்கும் இப்படி ஆகாது."

"சேர்க்க என்ன இருக்கு? வேலை நேரத்துல வாய் தவறிக்கூட மச்சான்னு கூப்பிடாத மனுஷன் கூப்பிட்டிருக்காரு. என்னை மேல தூக்குடான்னு அர்த்தம். பச்சைப் புள்ளைக்குக்கூடப் புரியும்."

"உங்களுக்குப் புரியும். அறையில இருந்தவருக்குப் புரியணுமே."

எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் என்னை மட்டும் பார்த்தான். எனக்கென்று மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான். புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், மன்னித்துத் தொலைக்கிறேன் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

"முதல் தடவையே புரிஞ்சுதுக்கா" என்றான்.