கையை எடுத்த பிறகு

கண் டாக்டர் "பரவாயில்லை" என்றார். காது டாக்டரும் "பரவாயில்லை" என்றார். அந்த இரண்டு பரவாயில்லைகளையும் தூக்கிக்கொண்டுதான் சிறப்புப் பள்ளியின் தேர்வு அறைக்கு வந்திருந்தோம். என் மகளுக்குப் பார்வையும் அரைகுறை, கேட்பதும் அரைகுறை. தனித்தனியாகப் பார்த்தால் எந்த விதிக்குள்ளும் அடங்கமாட்டாள். இரண்டு குறையும் சேர்ந்த பிள்ளைகளுக்கென்று இங்கே ஒரு வகுப்பு இருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லித்தர ஓர் ஆசிரியை உண்டு. இங்கே இடம் கிடைக்காவிட்டால் பழைய பள்ளியின் கடைசி பெஞ்சுதான். அங்கே அவளுக்கு 'சத்தமே போடாத நல்ல பிள்ளை' என்று பேர். அந்தப் பாராட்டைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குப் பயமெல்லாம் கிடையாது. பஸ் ஓட்டுகிறவள் நான். "சீட்டு வாங்கிட்டுதான் திரும்புவேன்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

தேர்வு வைத்த அம்மா அதிகம் பேசாதவர். வாலுவை (வீட்டில் அவளுக்கு அதுதான் பேர்) நாற்காலியில் உட்காரவைத்தார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். அவர் பின்னால் நின்று மணி அடிப்பார். கேட்டால் இவள் ஒரு மரக்கட்டையைக் கூடையில் போட வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் டக்கென்று போட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது. இப்படி வெளுத்து வாங்கினால் இடம் எப்படிக் கிடைக்கும்?

"நல்லாதானே கேக்குது?" என்றார்.

"இல்ல மேடம்! வீட்டுல தொண்ட கிழியக் கத்துனாலும் திரும்பமாட்டா. உங்க மணிக்கு மட்டும் என்ன மரியாதையோ!"

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"உங்க கை எங்கம்மா இருக்கு?"

அவள் முதுகில் இருந்தது. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் ஒரு தட்டு, படி வந்தால் இரண்டு தட்டு. மணி அடித்தபோதெல்லாம் என் விரல் தன்பாட்டுக்குத் தட்டியிருக்கிறது. சத்தியமாக எனக்கே தெரியாது.

"காது டாக்டர்கிட்டயும் உங்க மடியிலதான் உக்காந்திருந்தாளா?"

"ஆமா மேடம்."

"சரி. கைய எடுத்துட்டு சுவரோரமா போய் நில்லுங்க. என்ன ஆனாலும் கிட்ட வரக்கூடாது."

ஃபேனைச் சுழலவிட்டு, திரையைப் பாதி இழுத்துவிட்டார். வகுப்பறை இப்படித்தானே இருக்கும் என்றார். மணி அடித்தது. வாலு அசையவில்லை. மறுபடி அடித்தது. கட்டை கையிலேயே இருந்தது. இதை நிரூபிக்கத்தான் அலையாய் அலைந்தேன். ஆனால் கண்ணெதிரே பார்த்தபோது ஓடிப்போய்த் தூக்கிக்கொள்ளக் கால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் முதுகை நாற்காலியில் தேய்த்து எதையோ தேடினாள். பின்னால் துழாவிப் பார்த்தாள். அழவில்லை. கட்டையைக் கீழே வைத்துவிட்டு இறங்கினாள். நாற்காலியைப் பிடித்தபடியே சுற்றி வந்து, கைகளை நீட்டி, அந்த அம்மாவைக் கண்டுபிடித்தாள். குறிப்பெழுதிக்கொண்டிருந்த அவர் கையைப் பிடித்து இழுத்தாள். பேனா தரையில் விழுந்து உருண்டது.

அந்தக் கையை இழுத்துக்கொண்டு வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அதைத் தன் முதுகில் சரியான இடம் பார்த்து வைத்து, நிமிர்ந்து, கட்டையை எடுத்துக்கொண்டு தயாராக இருந்தாள்.