வாக்கியத்தின் குறை

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது.

மின்கம்பி எட்டாத வீடுகளுக்குச் சோலார் விளக்கு விற்கும் நிறுவனங்கள் வாங்குபவர்களை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு ஒரு நெறிமுறை இருக்கிறது. பொய் சொல்லி விற்கக் கூடாது. முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டுக்குப் போகக் கூடாது. புகார் கொடுத்தவர் தம் வாயால் ‘திருப்தி’ என்று சொல்லாமல் புகாரை மூடக் கூடாது. இவை எப்படியெல்லாம் மீறப்படுகின்றன என்று எழுதி வரச் சொன்னார் ஒரு பத்திரிகை ஆசிரியர். போய் உட்கார்ந்தேன். அந்த நிறுவனத்தில் யாரும் எதையும் மீறிக்கொண்டிருக்கவில்லை. கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. மிச்சம் இருந்ததை வைத்து இதை எழுதுகிறேன்.

2

தொடக்கத்துக்குச் சில முயற்சிகள்:

‘அந்த மாடிப்படியில் இருள் கவிந்திருந்தது. நான் ஒவ்வொரு படியாக—’

(கவியவில்லை. விளக்குக் கம்பெனி. படிக்குப் படி விளக்கு போட்டிருந்தார்கள்.)

‘முதலாளியின் கண்களில் ஒரு தந்திரம் மின்னி—’

(அன்று அவர் கண் மருத்துவரிடம் போயிருந்தார். அந்த நாள் முழுக்க அவர் கண்ணை நான் பார்க்கவே இல்லை.)

‘ஏழைத் தையல்காரி ஒருத்தியின் இருண்ட வாழ்வில்—’

(இதை அந்த அம்மா படித்தால் கத்தரிக்கோலோடு வருவார். மூன்று தெருவுக்கு அவர்தான் தையல். ஏழை என்று யார் சொன்னது?)

சரி, பார்த்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

3

டயர் கடைக்கு மேல் ஓர் அறை. கீழே காற்றடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் மேலே மேசை நடுங்கும். சுவரோரம் பழைய பேட்டரிகள், சன்னலில் காய்ந்துபோன ஒரு செடி. மேசைக்குப் பின்னால், புகார்களைக் கேட்கும் பெண்மணி. வீட்டில் யாராவது கூப்பிட்டாலும் ‘ஹலோ’ என்றுதான் திரும்புவாராம். அதனால் எல்லோருக்கும் அவர் ஹலோ அக்கா. கூரை ஏறிப் பழுது பார்க்கும் டெக்னீஷியனுக்கு மட்டும் அண்ணி. அவர் கணவரின் தம்பி அவன்.

நான் போன அன்று இருவருக்கும் சண்டை.

“அண்ணி, தையல்கார அம்மா புகாரை இன்னிக்காவது மூடுங்க. லைட்டு மங்கலா எரியுதுன்னாங்க. பேட்டரி மாத்தியாச்சு. வயரும் மாத்தியாச்சு. இனிமே என்னைத்தான் மாத்தணும்.”

“அதுக்கு உங்க அண்ணன்கிட்ட மனு குடு. உன்னை மாத்தறதுக்கு நம்ம வீட்டுல ரொம்ப நாளா எல்லாரும் ரெடி.”

“அவங்கதான் பரவாயில்லைன்னுட்டாங்கல்ல?”

“பரவாயில்லைன்னா திருப்தியா?”

இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

(வாசகரே, ஒரு நிமிடம். பரிசு கிடைத்தால் ‘அட, பரவாயில்லையே’ என்கிறோம். காலை மிதித்தால் ‘பரவாயில்லை’. சாப்பாடு எப்படி என்று கேட்டால் ‘பரவாயில்லை’. அதைக் கேட்டுச் சமைத்தவர் முகம் சுருங்குகிறது. நெறிமுறை எழுதியவர்கள் இரண்டு கட்டம் வைத்திருந்தார்கள்: திருப்தி, திருப்தி இல்லை. தமிழ் பேசுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் குடியிருக்கிறார்கள்.)

மூடினால் என்ன? அந்த மாதத்தோடு தையல்கார அம்மாவின் உத்தரவாதம் முடிகிறது. புகார் திறந்திருக்கும்வரை எதை மாற்றினாலும் இலவசம். மூடிவிட்டால், மங்கல் வெளிச்சத்தோடு அவர் பாடு. மாலைத் தையல்தான் அவருக்குப் பாதி வருமானம்.

4

ஹலோ அக்கா போனைப் போட்டார். நானும் கேட்கட்டுமா என்று முதலில் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஸ்பீக்கரை அமுக்கினார். (அதுவும் நெறிமுறைதான்.)

“லைட்டு எப்படிம்மா இருக்கு?”

“பரவால்லம்மா. பாவம், அந்தத் தம்பி எத்தனை தடவை ஏணியைத் தூக்கிட்டு வந்துச்சு. இன்னமும் குறை சொன்னா நல்லாவா இருக்கும்?”

டெக்னீஷியன் ‘பார்த்தீங்களா’ என்று கையை விரித்தான். அக்கா அவனைப் பார்க்கவில்லை.

“அதை விடுங்க. நேத்து சாயங்காலம் என்ன தைச்சீங்க?”

“வெள்ளைச் சட்டை. முந்தாநாளும் வெள்ளைதான்.”

“கலர் துணி?”

“அதெல்லாம் பகல்லதான். கறுப்புத் துணியில கறுப்பு நூல் தெரியணுமே. கோட்டு தைக்கச் சொல்லி ஒருத்தர் வந்தாரு, வேற இடம் பாருங்கன்னு அனுப்பிட்டேன். பரவால்ல, விடுங்க.”

அக்கா போனை வைத்தார். “இந்தப் பரவாயில்லைக்கு எந்தக் கட்டம்?”

“திரும்பப் போறேன்,” என்றான் அவன், ஏணியிடம் சொல்வதுபோல.

5

இங்கே ஒரு வில்லன் தேவைப்பட்டது. முதலாளி மலிவான சோலார் பேனல்களை வாங்கி விற்றார் என்று ஒரு பத்தி எழுதினேன், நன்றாகவே வந்தது. அதை அடிக்கக் காரணம், மறுநாள் வந்த போன். டெக்னீஷியன் வேறொரு வேலையாகத் தையல்கார அம்மாவின் பக்கத்து வீட்டுக் கூரையில் இருந்தான்.

“அண்ணி, இங்கேருந்து பார்த்தா தையல்கார அம்மா வீட்டுப் பேனலுக்குச் சட்டை போட்டிருக்கு.”

“என்னது?”

“சட்டை. மெல்லிசுத் துணியில. ஓரம் மடிச்சு, எலாஸ்டிக் வெச்சு. சும்மா சொல்லக் கூடாது, எனக்கே இந்த மாதிரி ஃபிட்டிங் கிடைச்சதில்லை.”

விசாரித்ததில் தெரிந்தது: அந்த அம்மா தமக்குப் பிடித்த எதற்கும் உறை தைத்துவிடுவார். மெஷினுக்கு உறை, ரேடியோவுக்கு உறை, கண்ணாடிப் பெட்டிக்கு உறை, அந்த உறை கசங்காமலிருக்க இன்னொரு உறை. பேனலுக்கு மட்டும், வெயில் உள்ளே போகட்டும் என்று யோசித்து மெல்லிய துணி. பாதி வெயில் புகுந்தது. பாதிதான் நிறைந்த பேட்டரி நாளாக ஆகக் கெட்டது; மாற்றி வைத்ததும் அதே வழியில் போனது. டெக்னீஷியன் வந்தபோதெல்லாம் ஏன் அது கண்ணில் படவில்லை? வருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டல்லவா போகிறார்கள். விருந்தாளி வரும்போது உறையைக் கழற்றி வைப்பதுதானே மரியாதை.

(நல்ல விதி ஒன்று உண்மையை மறைத்துவிட்டது. ஆசிரியருக்கு இதை எப்படிப் புரியவைப்பேன்?)

6

“முடிஞ்சுது,” என்றான் டெக்னீஷியன், திரும்பி வந்ததும். “பயன்படுத்தியவர் தவறு. டிக் போட்டு மூடுங்க.”

அப்படி ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் விழுந்தால் உத்தரவாதம் செல்லாது. வீணான பேட்டரிக்கு அந்த அம்மாதான் பொறுப்பு.

அக்கா மேசை இழுப்பறையிலிருந்து, விளக்கோடு தரும் குறிப்புத் தாளை எடுத்து வாசித்தார். “ ‘பேனலைத் தூசு படாமல் பாதுகாக்கவும்.’ சரிதானே? அவங்க அதைத்தான் பண்ணியிருக்காங்க. எலாஸ்டிக்கோட.”

அப்போதுதான் முதலாளி உள்ளே வந்தார், புதுக் கண்ணாடியுடன். அந்தத் தாளைத் தம் கையால் எழுதியவர் அவர். தம் தமிழில் கொஞ்சம் பெருமை உள்ளவர். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“தூசு படாமன்னா, அப்பப்ப துடைக்கணும்னுதானே அர்த்தம்?”

“அது உங்களுக்குத் தெரியும் சார். வாக்கியத்துக்குத் தெரியலையே.”

கீழே யாரோ டயருக்குக் காற்றடித்தார்கள். மேசை நடுங்கி ஓய்ந்தது. ‘முதலாளி சீறினார்’ என்று எழுத என் கை அரித்தது. அவர் சீறவில்லை. தாளைத் தூரத்தில் பிடித்து ஒரு தடவை, கிட்டத்தில் பிடித்து ஒரு தடவை படித்தார்.

“புது பேட்டரி குடுத்துருங்க. ஆனா காரணம்னு என்ன எழுதுவீங்க? நாளைக்கு நெறிமுறைப்படி நடக்குதான்னு ஆய்வுக்கு வர்றவங்க கேப்பாங்களே. பொருளில் குறைன்னு போட்டா அதுவும் பொய்.”

அக்கா ‘பயன்படுத்தியவர் தவறு’, ‘பொருளில் குறை’ என்ற இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினார்: வாக்கியத்தின் குறை.

7

முடிவுகள்:

(அ) ஆய்வுக்கு வந்தவர் ஓரக் குறிப்பை ஏற்க மறுக்கிறார். அக்காவுக்கும் அவருக்கும் வாக்குவாதம். விறுவிறுப்பாக இருக்கும். நடந்ததோ வேறு. அவர் படித்தார், சிரித்தார், அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

(ஆ) தையல்கார அம்மா வெட்கத்தில் அந்த உறையைக் கிழித்து— வேண்டாம். எனக்கே மனம் வரவில்லை. அப்படி நேரக் கூடாது என்றுதான் அக்கா போனில், “தப்பு எங்க பேப்பர்லம்மா” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

“அப்ப உறையைக் கழட்டிரணுமா? கஷ்டப்பட்டுத் தைச்சேனே.”

“வேற எதுக்காவது போடுங்களேன்.”

“அந்த அளவுக்கு வீட்டுல வேற சாமானே இல்லையேம்மா. ஒரு மேசைதான் வாங்கணும்.”

சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார். கோட்டுக்காரரை ஆள் விட்டுத் திரும்ப வரச் சொல்லியாயிற்றாம். கறுப்புக் கோட்டு, கறுப்பு நூல், பொழுது சாய்ந்தபிறகு தையல். “திருப்தியாம்மா?” என்று அக்கா கேட்டதற்கு, “பின்னே?” என்றார். அக்கா எந்தச் சந்தேகமும் இல்லாமல் டிக் போட்டார்.

(இ) இதுதான் எனக்குச் சிக்கல். அக்கா ஓரத்தில் எழுதிய அன்றே முதலாளி என் பக்கம் திரும்பி, “நீங்க எழுதறவர்தானே, அந்த வரியை மாத்திக் குடுங்க. அச்சுக்குப் போகணும்,” என்றார். ஒரு வரி. எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தேன்.

‘பேனலை எதனாலும் மூடாதீர்கள்.’

“மேல துணி காயப் போடலாமான்னு கேப்பாங்க. காயப் போடறது மூடறது இல்லையே,” என்றான் டெக்னீஷியன்.

‘பேனல் எப்போதும் வெயிலில் இருக்கட்டும்.’

“எப்போதும்னா, வெயில் போற பக்கமெல்லாம் தூக்கிட்டு அலைவாங்க,” என்றார் அக்கா.

‘தூசு படிந்தால் ஈரத்துணியால்—’

“சோப்புப் போட்டா?”

‘பேனலுக்கும் சூரியனுக்கும் நடுவில்—’

“மேகம் வந்தா?” இதைக் கேட்டது முதலாளி. அவருக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது.

நான் இவ்வளவு எழுதியவன். அந்த ஒரு வரி இன்னும் வரவில்லை. அச்சகத்தில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

எனவே வாசகரே, இதை உங்களிடம் தருகிறேன். ஒரே வரி, சாதாரணத் தமிழ். எழுதிவிட்டுப் பக்கத்து வீட்டில் யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். ‘புரிந்ததா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் சொல்வார்கள், நல்லவர்கள். ‘இப்போது என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். பிறகு, அவர்கள் எழுந்து போய் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.