முதல் வெளியீட்டில் ஒரே ஒரு முகம்

பிற்பகல் மூன்று மணிக்கு என் வீட்டுக் கதவு என்னைப் பார்த்து, "மன்னிக்கவும், நீங்கள் யார்?" என்று கேட்டது. கதவின் மேல் தவறில்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதற்காகப் பல் மருத்துவர் போட்ட ஊசியில் என் முகத்தின் இடது பாதி வேலையை நிறுத்தியிருந்தது. கன்னம் யாரோ கொடுத்து வைத்த பஞ்சு மூட்டை மாதிரி தொங்கியது. பக்கத்தில் என் மனைவி ஒரு ரிப்பன் சுருளோடு நின்றாள். ஜன்னல் கம்பிகளுக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டு மேஜையின் மேல், மூன்று அடுக்குக் கல்யாண கேக் நின்றது. ஐந்து மணிக்கு அது மண்டபத்தில் இருக்க வேண்டும்.

சந்தைக்குப் புதிதாக எது வந்தாலும் அன்றைக்கே அது என் வீட்டில் இருக்கும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை; பெருமைதான், ஆனால் அதற்காகச் சொல்லவில்லை. கைப்பேசி வந்த புதிதில் ஊரிலேயே நான்தான் முதலில் வாங்கினேன். வேறு யாரிடமும் இல்லாததால் எட்டு மாதம் யாரோடும் பேச முடியவில்லை. ஆனாலும் தினமும் மாலையில் அதைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். எட்டு மாதமும் ஒரு சண்டை சச்சரவு இல்லாத உரையாடல். தானாகத் தரை துடைக்கும் இயந்திரத்தையும் முதல் நாளே வாங்கினேன். எங்கே நிறுத்துவது என்று அதற்கு இன்னும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வீட்டைத் துடைத்து முடித்து, படி இறங்கி, தெருவைத் துடைத்துக்கொண்டே போய்விட்டது. மூன்றாம் நாள் பேருந்து நிலையத்தில் வைத்துப் பிடித்தோம். துப்புரவு மேற்பார்வையாளர் இன்றைக்கும் என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறார்.

என் மச்சினன் வேறு ரகம். எதையும் இரண்டு வருடம் கழித்துப் பாதி விலைக்கு வாங்குவான். அவன் வாங்கியதெல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். அப்படி ஒரு வாழ்க்கையில் என்ன சுவாரசியம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

முகம் பார்த்துத் திறக்கும் பூட்டு விற்பனைக்கு வந்த காலையில், கடை வாசல் வரிசையில் முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் இல்லை. பொருத்த வந்தவர் பழைய சாவித் துளையை அடைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியின் முன் என்னை நிறுத்தி, "இயல்பா இருங்க சார்" என்றார். கதவைத் துளைத்ததில் கிளம்பிய மரத்தூள் மூக்கில் ஏறி, சரியாக அந்த நொடியில் தும்மிவிட்டேன். "முகம் பதிவாயிற்று" என்றது பூட்டு. மாற்ற முடியாதா என்று கேட்டேன். அந்த வசதி இரண்டாவது வெளியீட்டில்தான் வருமாம். என் மனைவியின் முகத்தையாவது சேர்க்கலாமா? முதல் வெளியீட்டில் ஒரே ஒரு முகம்தான். குடும்பம் மூன்றாவது வெளியீட்டில்.

ஆக, ஐந்து வாரமாக நான் தும்முகிற முகத்தோடுதான் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன். கண்கள் இறுக வேண்டும். மூக்கு சுருங்கி மேலே ஏற வேண்டும். வலது புருவம் மட்டும் தனியாக நெற்றிக்குப் போக வேண்டும். எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. தபால்காரர் தபால் இல்லாத நாளிலும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். மனைவி எங்கே போய்த் திரும்பினாலும் நான் முன்னால் நின்று முகம் கொடுத்தாக வேண்டும்.

"என் வீட்டுக்குள்ள நான் போறதுக்கு உங்க மூஞ்சிய வாடகைக்கு எடுக்கணுமா?" என்று பையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் நின்று கேட்பாள்.

இருபது வருடமாகப் பிறந்தநாள் கேக் செய்கிறவள். கல்யாண கேக் இதுதான் முதல். நான்கு நாள் வேலை; சர்க்கரைப் பூக்கள் மட்டும் நூற்று எண்பது. இது நன்றாக வந்தால் இனி எங்கள் மண்டபத்துக் கேக்கெல்லாம் உங்களுடையதுதான் என்று மண்டபத்துக்காரர் சொல்லியிருந்தார். ரிப்பன் ஒரு முழம் குறைந்ததால் முனைக் கடைக்கு ஓடியிருக்கிறாள். கதவு தன் கடமையைச் செய்து சாத்திக்கொண்டது. நான் பல்லைக் கொடுத்துவிட்டு வரும்வரை படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

கேக்கை ஏற்றிப் போக மச்சினன் தன் பழைய வேனோடு வந்து சேர்ந்தான். ஒரு பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டான்.

"மாமா, தும்முங்க."

"தும்மிக்கிட்டுத்தான் இருக்கேன், மாப்ளே."

பக்கத்து வீட்டில் மிளகுப் பொடி வாங்கி வந்தான். பதினோரு தும்மல் தும்மினேன். பதினொன்றும் வலது பக்கத் தும்மல். அவனே இரண்டு விரலால் என் இடது கன்னத்தைத் தூக்கிப் பிடித்தான். "இரண்டு நபர்கள் தெரிகிறார்கள்" என்றது பூட்டு. என் புகைப்படத்தைக் கைப்பேசியில் காட்டினோம். "உயிருள்ள முகம் தேவை" என்றது.

"இதுக்கு உயிர் இருக்கா இல்லையான்னு முப்பது வருஷமா எனக்கே சந்தேகம்தான்" என்றான் மச்சினன்.

"வாயை மூடுடா" என்றாள் அவன் அக்கா. குரலில் சிரிப்பு இல்லை.

உதவி எண்ணுக்கு அழைத்தேன். பேசிய பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு சொன்னாள்: "சார், இந்த மாதிரி புகார் இதுவரைக்கும் எங்களுக்கு வந்ததே இல்ல. நீங்கதான் முதல் ஆள்."

மறைப்பானேன், மார்பு கொஞ்சம் விரிந்தது. இதை மனைவியிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி இருந்தாள். வெயில் மேஜை விளிம்பைத் தாண்டிக் கேக்கின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. மேலடுக்கின் ஒரு பக்கம் வியர்த்த நெற்றி மாதிரி பளபளத்தது. ஒரு சர்க்கரைப் பூ மெல்ல நழுவி, அடுத்த அடுக்கில் போய் உட்கார்ந்தது. நாற்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட எழுநூறு பேரை வெளியே எடுத்திருக்கிறேன். ஒரு கேக்கை எடுக்க முடியவில்லை. விரிந்த மார்பு தானாகவே பழைய அளவுக்கு வந்தது.

"நகருங்க" என்றாள்.

ரிப்பனை அக்குளில் இடுக்கிக்கொண்டு கண்ணாடியின் முன் போய் நின்றாள். மூச்சை இழுத்தாள். கண்கள் இறுகின. மூக்கு சுருங்கி மேலே ஏறியது. கடைசியாக, யாரும் கேட்காமலே, வலது புருவம் மட்டும் தனியாக நெற்றிக்குப் போனது. எனக்கே ஒரு கணம் நான் எங்கே நிற்கிறேன் என்று குழம்பியது.

"வாருங்கள், ஐயா" என்றது பூட்டு. கதவு திறந்தது.

மச்சினன் கதவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, "எப்படிக்கா?" என்றான்.

"அஞ்சு வாரமா பின்னாடி நின்னு அந்தக் கண்ணாடியில இந்த மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டிருந்தேன்" என்றபடி அவள் கத்தியையும் கிரீம் கிண்ணத்தையும் எடுக்கப் போய்விட்டாள்.

அந்தப் பூட்டு முகத்தில் ஒரு லட்சம் புள்ளிகளை அளந்து பார்க்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. லட்சமும் பொருந்தியிருக்கின்றன. எத்தனையோ பொருள்களுக்கு முதல் ஆளாக இருந்திருக்கிறேன். இப்படி ஒரு மனுஷிக்குக் கணவனாக இருக்கிறவன் வேறு யாரும் இருக்க மாட்டான் என்று அப்போதுதான் தோன்றியது. வெளியே சொல்லவில்லை. வாயும் கோணலாக இருந்தது.

வியர்த்த பக்கத்தைப் பதினைந்து நிமிடத்தில் வழித்துச் சீராக்கினாள். நழுவிய பூவை அது போய் உட்கார்ந்த இடத்திலேயே விட்டு, துணைக்கு இன்னும் நான்கை வைத்தாள். நானும் மச்சினனும் கேக்கைத் தூக்கி வேனில் ஏற்றினோம். கடைசியாக வெளியே வந்தவள், கதவைத் தன் கையாலேயே இழுத்துச் சாத்தினாள்.

"நான் வெளியிலயே நிக்கிறேனே" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நான் வந்து திறந்து விடறேன். அந்தப் பூட்டப் பத்தியும் வந்து பேசிக்கலாம்."

வேன் பிள்ளைத்தாய்ச்சி நடப்பது போல நகர்ந்து போயிற்று. பின்னால் அவள் இரண்டு கையாலும் கேக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையாட்டக் கை இல்லை. நான் படியில் உட்கார்ந்தேன்.

சைக்கிளில் வந்த தபால்காரர் காலை ஊன்றி நின்று, "என்ன சார், வெளியே?" என்றார்.

"வீட்டுக்காரி வேலையா போயிருக்கா. வந்து முகம் குடுப்பா" என்றேன், எழுந்து நின்று.

அவர் போன பிறகு கதவைத் திரும்பிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடியின் மேல் வெள்ளைக் கிரீமில் அவளுடைய நான்கு விரல்கள் பதிந்திருந்தன. அவற்றின் பின்னால் ஒரு சின்னப் பச்சை விளக்கு, யாரையோ தேடுவது போல, விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.