சீட்டு போல்ட்டில் கொடுத்த எர்த்து

வேனுக்குச் சூடு காட்டும் மீட்டர்களைப் புரூஃப்காரர் தன் கையாலேயே மாட்டி முடித்த செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த எஞ்சினுக்குச் சூடே ஏறவில்லை; அதற்கு ஏற வேண்டிய சூடு முழுவதும் ஓட்டுகிறவர் உடம்பில் ஏறியது. அன்று காலை பதினோரு மணிக்கு, வாசலில் வண்டியை இருபது நிமிடம் ஓடவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் பெருமையாக உட்கார்ந்திருந்தவரிடம் மனைவி ஒரு தம்ளர் டீ கொடுத்தாள். ஆறிப்போன டீ. அவர் கைக்குப் போனதும் அது நுரைத்துப் பொங்கி விரலில் வழிந்தது. எதிரே மீட்டர் முட்கள் இரண்டும் அடியிலேயே படுத்துக் கிடந்தன.

"இத்தனை வருஷத்துல என்னை யாரும் சூடான ஆளுன்னு சொன்னதில்ல," என்றார் அவர்.

"இப்பவும் நான் சொல்லல. டீதான் சொல்லுது," என்றாள் அவள்.

அவர் ஓர் அச்சகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் புரூஃப் பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்தே காலம் தள்ளியவருக்குத் தன் பிழை மட்டும் கண்ணில் படாது என்று வருகிறவர்களிடமெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் முந்திக்கொள்ளாவிட்டால் மனைவி சொல்லிவிடுவாள். வேனுக்கு நாற்பத்தெட்டு வயது. எஞ்சின் பின்னால் இருந்தது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது, காற்றை நம்பிப் பிழைக்கிற எஞ்சின். பின்னால் அது வெந்து சாகிறதா இல்லையா என்பது முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் கடைசிவரை தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் வண்டியும் தன் குடும்ப வாழ்க்கையும் ஒன்றுதான் என்பார் புரூஃப்காரர்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மனைவியின் அக்காள் மகளுக்குக் கல்யாணம். அக்காள் வீடு மலைக்கு அந்தப் பக்கம். நடுவில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில் வேன் புகைந்து நின்றது. மெக்கானிக் வந்து சேர்வதற்குள் அங்கே பந்தலையே பிரித்துவிட்டார்கள். அக்காளோ முப்பது ஆண்டு பள்ளிக்கூட வேன் ஓட்டியவள், ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. "சூட்டுல நின்னுச்சாம்ல? எங்கிட்டயே வண்டிக் கதை சொல்றியா? வர மனசில்லன்னு சொல்லிட்டுப் போ," என்று போனை வைத்தவள்தான், பிறகு எடுக்கவில்லை. இப்போது அவளிடமிருந்து நான்கு வரிக் கடிதம் வந்திருந்தது. இருபதாம் தேதி மகளோடு வெளிநாடு போகிறாள், திரும்புவதாக இல்லை. அதற்குள் பார்க்க வந்தால் வரலாம். பஸ்ஸில் போகலாம் என்ற பேச்சை மனைவி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "அதே வேன்ல போய் அவ வாசல்ல இறங்கணும். இல்லன்னா செத்தாலும் நம்ப மாட்டா."

அதற்காகத்தான் மூன்று மீட்டர்கள் வந்தன: ஆயில் சூட்டுக்கு ஒன்று, சிலிண்டர் தலைக்கு ஒன்று, எஞ்சின் அறைக் காற்றுக்கு ஒன்று. கூட வந்த விளக்கத்தாளில் புரூஃப்காரர் பதினேழு பிழைகளைக் கண்டார். கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவால் திருத்தி, அன்றே கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். வேலை தொடங்கியதோ மறுநாள். மூன்றாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, அதனடியில் உணர்கம்பியின் வளையத்தை வைத்து முறுக்கியதும், ஒயரை வண்டிக்கு அடியிலேயே முன்பக்கம் இழுத்து வந்ததும், மிஞ்சிய ஒயரை வெட்டாமல் சுருட்டிக் கட்டியதும் எல்லாம் ஞாபகத்திலிருந்துதான். எர்த்து ஒயரை எங்கே கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. அந்த வரியில் ஒரு கமா தப்பான இடத்தில் இருந்தது நன்றாக நினைவிருந்தது. கைக்கு எட்டிய போல்ட்டில் மாட்டிவிட்டார். அது ஓட்டுநர் இருக்கையின் போல்ட்.

மெக்கானிக் வந்து எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். நிழலில் இருக்கிற மண்பானை மாதிரி இருந்தது. பிறகு புரூஃப்காரரின் தோளைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார்.

"எர்த்து எங்க சார் குடுத்தீங்க?"

"சீட்டு போல்ட்ல."

"அதான்," என்றார் மெக்கானிக், வாசலில் செருப்பைக் காணோம் என்பவரிடம் நாய் இழுத்துப் போயிருக்கும் என்று சொல்கிற குரலில். "பத்து நிமிஷ வேலை. பாடியில பெயிண்டைச் சுரண்டி மாட்டிட்டா சூடு எஞ்சினுக்கே போயிரும். ஆனா வெயில் காலம் பாருங்க, ஏழாவது வளைவைத் தாண்டாது."

புரூஃப்காரர் எஞ்சினைத் தடவிக் கொடுத்தார். "அப்ப இப்படியே இருக்கட்டும். எஞ்சின் போனா பாகம் கிடைக்காது."

"உங்களுக்கு மட்டும் கடையில தொங்குதாக்கும்?" என்றாள் மனைவி.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். எஞ்சின் அறைக்கு என்று வந்த மூன்றாவது மீட்டர் மிச்சம் இருந்தது. அதன் உணர்கம்பியைப் புரூஃப்காரரின் கக்கத்தில் செருகி, மீட்டரை மனைவியின் பக்கம் மாட்டினார் மெக்கானிக். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் மறுபேச்சில்லாமல் வண்டியைத் திருப்ப வேண்டும். "அக்கா வேணும்தான். அதுக்காகப் புருஷனை அவிச்சுக் கொண்டுபோக முடியாது," என்றாள்.

பதினெட்டாம் தேதி காலை கிளம்பினார்கள். இரண்டு குடம் தண்ணீர், எட்டுத் துண்டுகள். ஈரத் துண்டு ஒரு வளைவுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர் தலையில் காய்ந்து மொடமொடவென்று ஆனது. சட்டை தேய்த்ததுபோல் ஆயிற்று. ஏழாவது வளைவு வந்தது. எஞ்சின் கல்யாண வீட்டுக்குப் போகிற பிள்ளை மாதிரி துள்ளிக்கொண்டு அதைத் தாண்டியது. மனைவி மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். முள் பாதிக்குமேல் ஏறவில்லை. ஆச்சரியம்தான். பதினோராவது வளைவில் அவர் கண்ணாடிக்குள்ளே ஆவி படிந்தது, காதோரம் புகைபோல் ஏதோ கிளம்பியது, முள் அப்போதும் பாதியில்தான். அவள் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது அவர் கக்கத்துக்குப் போகவில்லை. முதுகுக்குப் பின்னால் போய், அவர் பக்கத்து ஜன்னல் வழியே வெளியே தொங்கி, மலைக்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"எப்ப எடுத்தீங்க?"

"மூணாவது வளைவுல."

"ஏன்?"

"முள் தொட்டுட்டா நீ திருப்பச் சொல்லுவ. திருப்பினா இன்னொரு ஒன்பது வருஷம் நீ போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப. அதுக்கு இந்தச் சூடு தேவலை."

அவள் ஒயரை உள்ளே இழுத்துப் போட்டாள். பிறகு, "ஓரமா நிறுத்துங்க. தள்ளி உக்காருங்க," என்றாள். அவளிடம் லைசென்ஸ் இருந்தது. மேட்டில் ஓட்டிய பழக்கம்தான் இல்லை. மீதி மூன்று வளைவுகளையும் இரண்டாவது கியரில், உதட்டைக் கடித்துக்கொண்டு அவளே ஏற்றினாள். சூடு ஒழுங்காக இடம் மாறி அவளுக்கு ஏறியது. "இதையா இவ்வளவு நேரம் வாயைத் திறக்காம வச்சிருந்தீங்க? ஒரு கொசு கடிச்சா ஒருவாரம் சொல்லுவீங்களே!" என்று அவள் கேட்டபோது, புரூஃப்காரர் தன் வாழ்வில் முதன்முறையாகத் திருத்தம் இல்லாத ஒரு வாக்கியத்தைக் கேட்டதாக நினைத்துக்கொண்டார்.

அக்காள் வாசலில் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்க்கவில்லை, நேரே வேனின் பின்பக்கம் போய் மூடியைத் திறந்து, தொழில் தெரிந்தவளாக எஞ்சின்மேல் கை வைத்தாள். ஜில்லென்று இருந்தது.

"மறுபடியும் பொய். மலையேறி வந்த எஞ்சினாடி இது? லாரியில ஏத்திக் கொண்டாந்து தெருமுனையில இறக்கினீங்களா?"

தங்கை பதில் சொல்லாமல் அக்காளின் கையைப் பிடித்தாள். அக்காள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "என்னடி இப்படிச் சுடுது?"

"நீயே உக்காந்து பாரு."

அக்காள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். புரூஃப்காரர் வெளியே நின்றபடி சாவியைத் திருப்பினார். ஐந்து நிமிடம் ஆயிற்று. நெற்றியில் வேர்த்தது, கன்னம் சிவந்தது, கொண்டையிலிருந்து ஆவி வந்தது. அவளே சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள்.

"அன்னிக்கும் இவ்வளவு சூடா இருந்துச்சா?"

"அன்னிக்கு இதைவிட," என்றாள் தங்கை.

"அப்ப நிக்காம வேற என்னடி பண்ணும்," என்றாள் அக்காள். ஸ்டியரிங்கை விட்டு இறங்கினாள். "உள்ள வாங்க ரெண்டு பேரும். தொடாதீங்க எதையும். முதல்ல குளிங்க."

கம்பெனியிலிருந்து நன்றிக் கடிதமும் திருத்திய விளக்கத்தாளும் இரண்டு மாதம் கழித்து வந்தன. எர்த்து ஒயரை எங்கே மாட்ட வேண்டும் என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. புரூஃப்காரர் அதில் இரண்டு புதிய பிழைகளைக் கண்டு, திருத்தி, அன்றே திருப்பி அனுப்பினார். போல்ட்டை யாரும் தொடவில்லை. மெக்கானிக் சர்வீஸ் அட்டையில் ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டருக்குக் கீழே, ஓட்டுபவருக்கு மேட்டில் இரண்டு குடம், சமவெளியில் ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த இருபதாம் தேதி அக்காளை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டதும் அந்த வேன்தான். முட்டிவலிக்கு நன்றாக இருக்கிறது என்று வழி முழுவதும் அவளே ஓட்டினாள்.