கூட்டி வந்தவர்

பாஞ்சாலையின் அப்பா இந்த மலையில் உழுது பிழைத்தார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சிக்கு நான் போட்ட விலை ஐந்து ரூபாய். ஸ்கேன் செய்ய மூன்று, கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்க இரண்டு. அவள் நாலுக்குக் கேட்டாள். நான் இறங்கவில்லை. பதினோரு வருடம் கழித்து அவளுடைய இரண்டரை ஏக்கரும் அந்த ஐந்து ரூபாய்ச் சரக்கின் தலையில் வந்து உட்கார்ந்தபோது, சரக்கை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே என் கடை. ஜெராக்ஸ், ஸ்கேன், ஆன்லைன் மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் உண்டு. அப்பா போளூரில் புளி மண்டி வைத்திருந்தார். எடைக்கல் பொய் சொல்லாது என்பார். எந்தக் கல் என்று சொல்லமாட்டார். நான் புளியை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு வந்தேன், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் பாஞ்சாலை வந்து இறங்கினாள்.

"மொதலாளி, என் காயிதம் வேணும்."

"இன்னா காயிதம்?"

"எங்கப்பன் தண்டம் கட்டின ரசீது. உங்க மிசின்லதான் வெச்சேன். அஞ்சு ரூவா வாங்கினீங்க."

கொடுத்தவர்களுக்கு எப்போதும் தொகை ஞாபகம் இருக்கும். வாங்கியவனுக்குத்தான் மறக்கும்.

விஷயம் இதுதான். வன நிலத்தில் 2005 டிசம்பருக்கு முன்பிருந்தே பயிர் செய்துவரும் மலைக் குடும்பங்கள் அந்த நிலத்துக்கு உரிமை கேட்கலாம். பாஞ்சாலையின் மனு 'ஆதாரம் போதாது' என்று ஒருமுறை திரும்பிவிட்டது. வியாழக்கிழமை போளூரில் மறுவிசாரணை. அவள் அப்பா மாதையன் 1996-இல் காட்டைத் திருத்திச் சாமை விதைத்ததற்காக வனத்துறைக்கு நாற்பது ரூபாய் அபராதம் கட்டியிருந்தார். அன்றைக்கு அவரைக் குற்றவாளி ஆக்கிய ரசீதுதான் இன்றைக்கு அவரை விவசாயி ஆக்க வேண்டும். அசலைக் கறையான் தின்றுவிட்டது. நகல் என் கம்ப்யூட்டரில் இருந்தது. இருந்திருக்க வேண்டும்.

'மாதையன்' என்று தட்டினேன். அறுபத்து மூன்று கோப்புகள் வந்தன. ரேஷன் கார்டு மாதையன், ஆட்டுக் கடன் மாதையன், இரண்டு தடவை இறந்துபோன ஒரு மாதையன். இவள் அப்பா மட்டும் இல்லை.

பின்னறையில் இருந்த நதியாவைக் கூப்பிட்டேன்.

நதியா கண்ணமங்கலத்துப் பெண். புரோகிராமர். இரண்டு மாதம் முன்பு என் பின்னறையை வாடகைக்குக் கேட்டு வந்தாள். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கோப்புகளைத் தேடித் தருகிற மென்பொருள் ஒன்றில் வேலை செய்கிறாள். பெயரை மட்டும் பார்த்துத் தேடுகிற ரகம் அல்ல. இந்தக் கோப்பு யாருடையது, என்றைக்கு வந்தது, எதோடு சேர்ந்து வந்தது, எந்தக் காரியத்துக்கு வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம் எழுதி வைத்துக்கொண்டு, உறவு பிடித்துத் தேடுவது. அன்றைக்கே அவளிடம் விலை கேட்டேன்.

"எவ்ளோக்கு விப்பே?"

"விக்கலணா. ஃப்ரீ. யாரு வேணா எடுத்துக்கலாம். உள்ள பிரிச்சுக்கூட பாக்கலாம், மாத்தலாம்."

"அப்ப சாப்பாட்டுக்கு?"

"ஒரு டிரஸ்ட்டு ஒரு வருசத்துக்குச் சம்பளம் குடுக்குது."

"யாவாரம்னா ஒருத்தன் ஏமாறணுமே. இதுல ஏமாறுறது யாரு?"

"தேடிச் சொல்றேங்ணா. அதுக்குத்தானே எழுதுறேன்."

சோதித்துப் பார்க்க அவளுக்குக் கலைந்து கிடக்கிற கோப்புகள் தேவைப்பட்டன. என்னிடம் அதற்குக் குறைவில்லை. ஊர்க்காரர்களின் காகிதத்தில் ஒன்றுகூட மலை இறங்கக் கூடாது என்றேன். இந்த மென்பொருள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே எதையும் அனுப்பாது என்று காட்டினாள். வாடகையில் இருநூறு குறைத்தேன். முந்நூறு குறைக்கலாம் என்று முதலிலேயே நினைத்திருந்தேன்.

என் கோப்புகளின் பெயர்களைப் பார்த்ததும் அவள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. 'ஜீவா கண்டக்டர் 3.' 'வடிவேலு ஆள் 11.' 'மங்கம்மாள் கூட வந்தது.'

"இன்னாணா இது? யாரோட சர்டிபிகேட்டுன்னே இல்லியே."

அது எங்கள் மண்டிப் பழக்கம். மலையிலிருந்து புளி கொண்டு வருகிறவர்களை அப்பா அவர்கள் பெயரில் எழுதமாட்டார். யார் கூட்டி வந்தாரோ அவர் பெயரில் ஏடு திறப்பார். மாதையா என்று கூப்பிட்டால் சந்தையே திரும்பிப் பார்க்கும். கூட்டி வந்த ஆள் ஒருத்தன்தான் இருப்பான். நாளைக்கு ஒரு தகராறு என்றால் அவனைப் பிடித்தால் போதும். நானும் கடை போட்ட புதிதில் ஸ்கேன்களை அப்படியே வைத்தேன். பிறகுதான் ஆள் பெயரும் போன் நம்பரும் போட ஆரம்பித்தேன்.

நதியா இரண்டு நாள் கேலி செய்தாள். மூன்றாம் நாள் தன் மென்பொருளில் தலைப்பு, தேதி, உரியவர் என்ற கட்டங்களுக்குக் கீழே 'கூட்டி வந்தவர்' என்று இன்னொரு கட்டம் சேர்த்தாள். அதைப் பொதுப் பதிப்பில் சேர்க்கச் சொல்லித் திட்டத்துக்குப் பொறுப்பான ஆளுக்கு அனுப்பினாள். அந்த மனிதர் எந்த நாட்டிலோ இருக்கிறார். 'இது யாருக்குத் தேவைப்படும்?' என்று ஒரு வரி பதில் போட்டுவிட்டு அதோடு சரி.

இப்போது பாஞ்சாலைக்கு ஒரு ஸ்டூல் போட்டோம்.

"அன்னைக்கு உன்னை யாரு கூட்டியாந்தாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் கூட்டியாரல. நானேதான் வந்தேன்."

"நல்லா யோசி. கண்டக்டர் ஜீவானந்தம்?"

"பஸ்ஸுக்குத் துட்டு இருந்தா உங்ககிட்ட நாலு ரூவாய்க்கு ஏன் பேசுறேன்? ஒம்பது கிலோமீட்டரு நடந்து வந்தேன்."

நதியா கீபோர்டிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். "சரிக்கா, அன்னைக்கு இங்க வேற இன்னா நடந்துச்சு? கடையில யாரு இருந்தா?"

பாஞ்சாலை என்னை ஒருமுறை பார்த்தாள். "ஒரு டீச்சரம்மா சண்டை போட்டுக்கினு இருந்துச்சு. கல்யாணப் பத்திரிகையில யானை போடச் சொன்னா பன்னியப் போட்டு வெச்சிருக்கீங்கன்னு. நான் எட்டிப் பாத்தேன். பன்னிதான்."

பூங்கோதை டீச்சர் கல்யாணம். அந்த யானையை நான் நாலு தடவை மாற்றினேன். தும்பிக்கை நீள நீள அது எறும்புதின்னி ஆனது.

நதியா தேடல் பெட்டியில் 'யானை பத்திரிகை செய்த அன்று ஸ்கேன் ஆனவை' என்று தமிழிலேயே தட்டினாள். பத்திரிகையின் தேதியை அது தானே எடுத்துக்கொண்டது: 2014 ஆகஸ்ட் 19. அன்றைக்கு ஸ்கேன் ஆனவை ஏழு. சாதிச் சான்று இரண்டு, கூட்டுறவுப் பாஸ்புத்தகம், வடிவேலு கொண்டுவந்த ஆட்களின் காகிதம் நான்கு. தண்டம் கட்டிய ரசீது இல்லை.

"கையெழுத்துன்னா அதுக்குப் படிக்க வராது. அச்சுன்னா படிச்சிரும்," என்றாள் நதியா. "ஆனா படம்னு வந்திருக்கணும். அன்னைக்கு இல்லியோ?"

"அன்னைக்குத்தான்," என்றாள் பாஞ்சாலை. "பன்னிய நான் மறப்பனா?"

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டியில் வளர்ந்தவனுக்குப் படம் கண்ணில் படாது, எண்தான் படும். கோப்புக்கு நான் என்ன பெயர் வைத்தாலும் ஸ்கேனர் அந்த நாளின் வரிசை எண்ணை உள்ளே எழுதி வைத்துவிடுமாம். நதியாவின் மென்பொருள் அதையும் ஓரத்தில் காட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, எட்டு.

"ஆறு எங்க?" என்றேன்.

"அழிச்சிருப்பீங்க."

"நான் எதையும் தூக்கிப் போட்டதில்ல. ஒடஞ்ச தராசுகூட வூட்ல கீது. மொத்தம் எத்தினி கோப்பு?"

"டிஸ்க்ல கடைக் கோப்பு பதினோராயிரத்து எட்நூத்தி நாப்பத்தாறு."

"உன் மிசின் படிச்சது?"

அவள் இன்னொரு இடத்தில் பார்த்தாள். "பதினோராயிரத்து நானூத்தி முப்பத்திரண்டு."

"நானூத்திப் பதினாலு மூட்டை எறங்கல. குடோன்ல ஏதோ கதவு பூட்டிக் கெடக்குது."

நதியா அமைப்புகளைத் திறந்தாள். தேடக் கூடாத இடங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. முதல் மூன்றும் கம்ப்யூட்டரின் சொந்த வேலைக்கானவை. நான்காவதாக நான் போட்ட ஒரு கோப்புறை: 'சாமி கணக்கு'.

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். "நீங்கதாங்ணா சொன்னீங்க. மொத நாளே. அது சாமி கணக்கு, அதைத் தொடாதேன்னு."

சொன்னேன். அப்பா எனக்குச் சொன்னதை அப்படியே அவளுக்குச் சொன்னேன். அவருடைய ஏட்டில் முதல் பக்கம் அண்ணாமலையாருக்கு. யாரும் கூட்டி வராமல், ஜாமீன் சொல்ல ஆளில்லாமல் தானே மண்டிக்குள் வருகிறவர்களை அந்தப் பக்கத்தில் எழுதுவார். சாமி கூட்டி வந்த ஆள் என்று கணக்கு. அந்தப் பக்கத்தை வேறு யாரும் திறக்கக் கூடாது. கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் அப்பா மட்டும் திறப்பார். நானும் கடை போட்டபோது அப்படி ஒரு உறை போட்டு, தனியாக வந்தவர்களை அதற்குள் தள்ளினேன். பிறகு போன் நம்பர் வந்தது, உறையை மறந்தேன். தொடக் கூடாது என்பது மட்டும் மறக்கவில்லை.

"தெறக்கட்டுமாங்ணா?" என்றாள் நதியா.

"தீபத்துக்கு இன்னும் மூணு மாசம் கீது," என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"வெசாரணை நாளன்னிக்கி," என்றாள் பாஞ்சாலை. "நீங்க தெறங்க. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

நதியா பட்டியலிலிருந்து அந்த வரியை நீக்கினாள். நானூற்றுப் பதினாலையும் படித்து முடிக்க அதற்கு ஏழு நிமிடம் ஆனது. மூன்று டீ சொன்னேன். டீ வருவதற்குள் ஆறாம் எண் வந்துவிட்டது.

ஊதாப் பென்சிலில் எழுதிய ரசீது. புத்தக எண், தாள் எண், மாதையன், ஊர், நாற்பது ரூபாய், 1996. கீழே அவர் கைநாட்டு.

பாஞ்சாலை முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள். "இந்த நாப்பதுக்கு எங்கம்மா சென ஆட்ட வித்துச்சு," என்றாள். பிறகு, "எங்கப்பன் திருடன்னு எழுதின காயிதத்த எவ்ளோ பத்திரமா வெச்சிருக்கீங்க மொதலாளி."

"நகல்தானே, நேத்துப் பண்ணதுன்னு சொல்லிட்டா?" என்று நதியாவிடம் கேட்டேன். எதிராளி என்ன சொல்வான் என்று முதலில் யோசிப்பதுதான் வியாபாரம்.

அவள் ரசீதோடு இன்னொரு தாளும் அச்செடுத்தாள். ஸ்கேன் ஆன நாள், நேரம், ஸ்கேனரின் எண், அதற்கு முன்னும் பின்னும் வந்த எண்கள். "இதையே முடிவான சாட்சின்னு சொல்ல முடியாதுங்ணா. ஆனா புத்தக எண்ணும் தாள் எண்ணும் கீதே. ஃபாரஸ்ட்டுக்காரங்ககிட்ட ரசீது புத்தகத்தோட அடிக்கட்டை இருந்தா ஒத்துப் பாக்கச் சொல்லுங்க."

வியாழக்கிழமை நானும் கடையை அடைத்துவிட்டுப் போளூர் போனேன். விசாரித்த அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அசல் எங்கே என்றார்.

"கறையான் தின்னுடுச்சுங்க," என்றாள் பாஞ்சாலை. "உங்க அடிக்கட்டையையும் தின்னுட்டிருந்தா ரெண்டும் ஒரே வூட்டுக் கறையான்னு நெனச்சுக்கிறேன்."

அதிகாரி சிரிக்கவில்லை, ஆனால் எண்களைக் குறித்துக்கொண்டார். இருபத்து மூன்று நாள் கழித்து அடிக்கட்டை ஒத்துப்போனதாகவும், மனு ஏற்கப்பட்டதாகவும், நிலத்தை அளக்க ஆள் வருவதாகவும் கடிதம் வந்தது. அதை ஸ்கேன் செய்து வைக்கத்தான் பாஞ்சாலை மறுபடி கடைக்கு வந்தாள். இந்த முறையும் பஸ்ஸில்.

நதியா கோப்பைத் திறந்து, விடுபட்ட கட்டங்களை அவளிடமே கேட்டு நிரப்பினாள். உரியவர், பாஞ்சாலை. காரியம், நில உரிமை. கூட்டி வந்தவர் கட்டத்தில் உறையின் பெயரைப் பார்த்து மென்பொருள் தானாகவே 'சாமி' என்று போட்டு வைத்திருந்தது.

"இன்னா எழுதிக் கீது?" என்றாள் பாஞ்சாலை.

நதியா படித்துக் காட்டினாள்.

"சாமியா? ஒம்பது கிலோமீட்டரும் என் காலுதான் வலிச்சுது. அதை எடுத்துட்டு என் பேரப் போடு."

"உரியவர்லயும் நீங்கதான்கா இருக்கீங்க."

"ரெண்டுலயும் நாந்தான். போடு."

போட்டால் ஏற்கவில்லை. ஒரே ஆள் இரண்டு கட்டத்திலும் வந்தால் தவறு என்று நதியாவே ஒரு விதி எழுதியிருந்தாள். கூட்டி வந்தவரும் வந்தவரும் ஒருவராக எப்படி இருக்க முடியும் என்ற நினைப்பு. எங்கள் அப்பாவுக்கும் அதே நினைப்புதான். நாற்பது வருடம் அவர் ஏட்டில் தானே நடந்து வந்தவன் என்று ஒருத்தன்கூட இல்லை. எல்லாருக்கும் ஒரு தரகர், தரகர் இல்லாவிட்டால் சாமி.

நதியா பாஞ்சாலையை உட்கார வைத்துவிட்டு அந்த விதியை அழித்தாள். பொறுப்பான ஆளுக்கு நடந்ததைச் சுருக்கமாக எழுதி மறுபடி அனுப்பினாள். யாருக்குத் தேவைப்படும் என்று கேட்டவர், இரண்டு நாளில் சேர்த்துவிட்டதாகப் பதில் போட்டார். காசு ஏதும் வரவில்லை. இதில் ஏமாறுகிறவன் யார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

"அஞ்சு ரூவாயா?" என்றாள் பாஞ்சாலை, கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டே.

"இப்ப பத்து."

"எட்டு."

எட்டுக்கு இறங்கினேன்.

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்களுக்கு அந்த உறையைத் திறந்து, காகிதங்களில் இருக்கிற முகத்தையும் ஊரையும் காட்டி யாருடையது என்று கேட்கிறேன். சந்தை நாளில் நதியாவும் உட்கார்ந்து கேட்டு எழுதுகிறாள். தீபம் முடிந்த மறுநாள் அப்பா வழக்கப்படி கூட்டிப் பார்த்தேன். மொத்தம் நானூற்றுப் பதினாலு. ஆள் தெரிந்து காகிதம் கைக்குப் போனது இருநூற்று அறுபத்தொன்று. அதில் நானேதான் வந்தேன் என்று பெயர் மாற்றச் சொன்னவர்கள் இருநூற்று ஐம்பத்தெட்டு. சாமியே இருக்கட்டும் என்றவர்கள் மூன்று. நான் தரவேண்டிய பாக்கி நூற்று ஐம்பத்து மூன்று.